பறவையோடு பூச்சியையும் எண்ணலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். நயினார்குளத்தில் எத்தனை, விஜயநாராயணத்தில் எத்தனை என்று படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பறவை தின்னும் மீன் குஞ்சுக்குத் தீனியான மிதவைப் பூச்சிகளை, அதாவது தண்ணீரில் மிதந்து வாழும் பொடி உயிர்களை, யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

நான் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குளத்தில் பட்டுவலை இழுத்து வந்து குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கடுகில் பாதி அளவு டாஃப்னியா (நீர்த்தெள்ளு) துள்ளித் துள்ளி ஏறுவது வெறும் கண்ணுக்கே தெரியும். கடைசி வருடங்களில் அதே கரை, அதே வலை, குப்பியில் பச்சைத் தண்ணீர் மட்டும். "பூச்சியே இல்ல சார்" என்பார்கள் மாணவர்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முள் முளைத்த பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபர், வெறும் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சி, மொய்க்கும். பூச்சி இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது.

சாக்கடையும் வயல் உரமும் கொண்டுவரும் பாஸ்பரஸில் நீலப்பச்சைப் பாசி கொழுக்கிறது. அது திரள்திரளாகச் சேர்ந்து, டாஃப்னியா தண்ணீரை வடிகட்டித் தின்னும் கால்களில் சிக்கிக்கொள்ளும். பத்தாததற்கு, மீன்பாசி (குளத்து மீன்பிடி உரிமை) ஏலம் எடுத்தவர் விடும் கட்லாவும் பூச்சி தின்னிதான். பெரிய பூச்சிகள் முதலில் காலி. மிஞ்சும் ரோட்டிஃபர்களால் அவ்வளவு பாசியைத் தின்று தீர்க்க முடியாது. தண்ணீர் பச்சையாகவே நிற்கும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் ஏரிக்குள் விழுந்த கழிவுநீரை 1963-லிருந்து 1968-க்குள் திருப்பிவிட்டார்கள். டாஃப்னியா அங்கே பெருகியது 1976-இல்தான். எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் வருடக்கணக்கில் விடாமல் மாதிரி எடுத்ததால் அது தெரிந்தது. இங்கே அமலைச்செடியை (ஆகாயத்தாமரையை) அள்ளிப் போட்டுப் படம் எடுத்ததோடு சரி, அப்புறம் குளத்துக்குள் என்ன ஆயிற்று என்று பார்க்க ஆளில்லை.

பறவை எண்ணப் போகிறவர்கள் குளத்துக்கு ஒரு குப்பி, ஒவ்வொரு வருடமும் அதே மடைப் பக்கம் எடுத்து, கெடாமலிருக்கக் கொஞ்சம் ஃபார்மலின் விட்டு, பென்சிலால் தேதி எழுதிய சீட்டை உள்ளே போட்டு வைத்தால் போதும். மைக்ராஸ்கோப்புக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பஞ்சமா?

எங்கள் ஆய்வகத்திலும் அப்படிப் பல வருடத்துக் குப்பிகள் இருந்தன. இடத்தை அடைக்கிறது என்று ஒரு கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார்கள். கொட்டிக் கழுவி வைத்தது நான்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.