கால் அளவு

தம்பி ராசா,

சுகமா இருக்கிறியோ? நாங்கள் சுகம். அப்பான்ர வலது கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது, இடது கண் பங்குனியில எண்டு சொல்லியிருக்கினம். பொங்கலண்டு விடிய மழை தூறினதால முத்தத்தில பொங்க ஏலாமப் போச்சு, விறாந்தையிலதான் பொங்கினது, பால் கிழக்கால பொங்கி வழிஞ்சது. நீ எடுத்த நேரம் இதெல்லாம் சொல்லவேணும் எண்டு இருந்தனான், அஞ்சு நிமிசத்தில வைச்சிட்டாய். வேலையாக்கும்.

நான் இப்ப எழுதிறது கால் அளவு கேட்டு. கார்த்திகையில ஒருக்கா கேட்டனான், மார்கழியில ஒருக்கா கேட்டனான், "ஒண்டும் வேண்டாமம்மா, இஞ்ச எல்லாம் கடையில இருக்கு" எண்டு ஒரு வரி போட்டனி. ரொறொன்ரோ கடையில சப்பாத்துக்குப் போடுற சொக்ஸ் இருக்கும் எண்டு எனக்கும் தெரியும் ராசா. ஒரு கடதாசியை நிலத்தில விரிச்சு, காலை வைச்சு, பென்சிலால சுத்திக் கீறி, பக்கத்தில அடிமட்டத்தை வைச்சு ஒரு போட்டோ எடுத்து விடு, அவ்வளவுதான். உனக்கு ஒண்டு, மருமகளுக்கு ஒண்டு. ரெண்டும் அனுப்பு.

சனிக்கிழமை ரீச்சர் வீட்டு வாசிப்பு நடக்குது, இப்ப நாங்கள் ஏழு பேர். ரீச்சர் இங்கிலீசில வாசிச்சு வாசிச்சு தமிழில சொல்லிக்கொண்டு வருவா, நாங்கள் இடையில இடையில மறிச்சுக் கேப்பம். பின்னல் எப்பிடி இதுக்குள்ள வந்தது எண்டு நீ ஒரு நாளும் கேக்கேல்ல, நானே சொல்லுறன். முதல் வாசிச்சது டிக்கன்ஸ் 1859இல எழுதின ரெண்டு நகரத்துக் கதை, பிரெஞ்சுப் புரட்சி நேரத்துக் கதை. அதில தவறணைக்காரன்ர பெண்சாதி, மதாம் டெஃபார்ஜ் எண்டு பேர், இருந்த இடத்தில பின்னிக்கொண்டே இருப்பா, சாகவேண்டிய ஆக்களின்ர பேரை அந்தப் பின்னலுக்குள்ளயே குறிச்சு வைப்பா. ரீச்சர் அந்த இடத்தில நிப்பாட்டினவ, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. பேர் லிஸ்ற் எண்டால் எங்களுக்கு என்ன எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. தபால்கந்தோர் அக்காதான் கொஞ்ச நேரத்தால, அப்ப நானும் ஒரு பேரைப் பின்னப்போறன் எண்டா. அடுத்த சனி சிவப்பு ஊல் பந்தோட வந்திட்டா. தன்ர தம்பிக்கு ஒரு மஃப்ளர், அவன் இல்லாத ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு வரி. முடிக்கேல்ல இன்னும்.

அண்டைக்குத் தொடங்கினது. ஒவ்வொரு புத்தகத்திலயும் ஆர் பின்னினம் எண்டு பாத்து அதை நாங்களும் பின்னிறது. ஜேன் ஒஸ்ரினின்ர பெர்சுவேஷனில மிஸிஸ் சிமித் எண்டு வருத்தக்காரி, நடக்க ஏலாத விதவை, கை கொஞ்சம் பாவிக்க ஏலும் எண்டு வந்த உடன அவவைப் பராமரிக்கிற நேர்ஸ் பின்னல் பழக்கிவிடுறா. ஊசி குத்திற மெத்தையள் மாதிரிச் சின்னச் சின்னச் சாமான் செய்வா, அதை வித்த காசில ஏழையளுக்கு உதவி செய்வா. அதோட நாங்களும் ஆளுக்கு ஒரு ஊசி மெத்தை பின்னினம், எனக்குக் கை பழகினது அதிலதான்.

பேந்து ரோல்ஸ்ரோயின்ர யுத்தமும் சமாதானமும், ஏழு மாதம் எடுத்தது, அப்பா கூட வந்து கதவடியில கதிரையைப் போட்டுக் கேட்டவர். அதின்ர கடைசிப் பகுதியில பிள்ளையள் பாக்கிற ஒரு கிழவி, ஒரே ஊசியளில ரெண்டு ஸ்ரொக்கிங்கை ஒண்டுக்குள்ள ஒண்டா ஒரேயடியாப் பின்னி, முடிஞ்ச உடன பிள்ளையளைக் கூப்பிட்டு முன்னால வைச்சு ஒண்டுக்குள்ளயிருந்து மற்றதை இழுத்து எடுப்பா. எப்பிடிச் செய்யிறது எண்டு அவவுக்கு மட்டும்தான் தெரியும். ரீச்சர் எங்களுக்குப் பழக்கினா, ரெண்டு பந்து நூல், வெளியில ஒரு கண்ணி, உள்ளுக்கு ஒரு கண்ணி, மாறி மாறி. ஊசி என்ன தெரியுமோ, 91இல பொருளாதாரத் தடை நேரம் ரீச்சர் சைக்கிள் ஸ்போக்ஸைக் கல்லில தேய்ச்சுச் செய்தது, இண்டைக்கும் கைக்கு வழுவழு எண்டு இருக்கு. நூலை ஒருக்கா மாத்திப் போட்டாலும் போச்சு, ரெண்டும் அந்த இடத்தில ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது, அதுவரைக்கும் அவிழ்க்கவேணும். நான் நாலு தரம் அவிழ்த்தனான். அஞ்சாம் தரம் கையைக் குடுத்து இழுக்க உள்ளயிருந்து மற்றது வடிவா வந்துது, உனக்கு உடன வீடியோ கோல் எடுத்தனான், நீ எடுக்கேல்ல.

சாப்பிடுறியோ ஒழுங்கா? ஹீற்றரைப் போட்டு வைச்சிருக்கிறியோ?

போன மாதம் வீடியோவில வந்தபோது நீ உள்ளுக்கு ஜக்கெட் போட்டுக்கொண்டு இருந்தனி. யன்னல் சீலையும் வேற. மருமகள் எங்க எண்டு கேட்டன், குளிக்கிறா எண்டனி. அதுக்கு முதல் தரம் கடைக்குப் போட்டா எண்டனி. பொங்கலுக்கு வெறும் வொய்ஸ் கோல். நான் ஒண்டும் கேக்கேல்ல, இப்பவும் கேக்கேல்ல. அப்பா அண்டைக்கு ராத்திரி, "மருமகளின்ர குரல் கேட்டு எத்தினை நாள்" எண்டார், நான் கண்ணுக்கு மருந்து விடுற நேரம் எண்டு கதையை மாத்திப்போட்டன்.

இப்ப வாசிக்கிறது வேர்ஜீனியா வூல்ஃப் 1927இல எழுதின 'வெளிச்சவீட்டுக்கு' எண்ட புத்தகம். ரீச்சர் பருத்தித்துறை வெளிச்சவீட்டை நினைச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லித்தான் தொடங்கினவ. ஒரு தாய், மிஸிஸ் ராம்சே, வெளிச்சவீட்டுக்காரன்ர பிள்ளைக்கு, அதுக்கு இடுப்பில வருத்தம், செம்மண் மாதிரி ஒரு நிறத்தில ஸ்ரொக்கிங் பின்னுறா. தன்ர ஆறு வயசுப் பெடியன்ர காலில வைச்சு அளந்து பாக்கிறா, அவன் ஆடுறான், ஆடாமல் நில் எண்டுறா, பாத்தால் அரை இஞ்சி கட்டை. பேந்து கனப் பக்கம் தள்ளி, அடைப்புக்குறிக்குள்ள ஒரு வசனம், அதில அவ செத்துப்போறா. அவ்வளவுதான். நான் ரீச்சரைத் திருப்பி வாசிக்கச் சொன்னனான். வீட்டுக்கு வந்தும் அந்தத் தாய் பிள்ளையின்ர காலில வைச்சு அளந்ததுதான் மனசில நிண்டது. எனக்கு உன்ர கால் இல்லை. 2019இல நீ விட்டிட்டுப் போன சிலிப்பர் கிணத்தடியில கிடக்கு, அதை எடுத்து அளந்தன், பத்தரை இஞ்சி, ஆனால் சிலிப்பர் எப்பவும் காலை விடக் கூடத்தானே. மருமகளின்ரது எண்டு இஞ்ச ஒரு செருப்பும் இல்லை.

அவவின்ரது எண்டு இருக்கிறது அந்தப் பச்சைச் சால்வை மட்டும்தான்.

நான் இதை ஆரிட்டயும் சொன்னதில்லை, அப்பாட்டயும். நீங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிண்ட நேரம் அவ கொண்டுவந்து தந்தவ, "மாமி, நானே பின்னினது" எண்டு. நான் வாங்கி, இந்த வெக்கைக்கு இதை என்னண்டு பிள்ளை போடுறது எண்டு சொல்லி அலுமாரிக்கு மேல வைச்சனான். அடுத்த கிழமை ஒரு மழை இருட்டிக்கொண்டு வர, கிணத்தடி மோட்டர் நனையப்போகுது எண்டு ஓடிப்போய் கைக்கு அகப்பட்டதை எடுத்து அதால மூடினன். நீ அனுப்பின காசில வாங்கின மோட்டர், அதில ஒரு துளி தண்ணி பட விடமாட்டன், அந்த நேரம் எனக்கு அதுதான் பெரிசு. மழை விட்டும் எடுக்கேல்ல. பின்னேரம் அவ குளிக்கப் போனவ. நான் பேந்து போய்ப் பாக்க சால்வை நாலா மடிச்சு, மோட்டருக்கு மேலயே, பறக்காமல் இருக்க ஒரு கல்லும் வைச்சுக் கிடந்துது. ராத்திரி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ, ஒரு சொல்லு சொல்லேல்ல. நானும் சொல்லேல்ல. நீங்கள் போன பிறகும் ரெண்டு மூண்டு மாரிக்கு அது அங்கதான் கிடந்தது. உனக்கு அவ சொன்னவவோ தெரியாது. சொல்லியிருக்க மாட்டா எண்டுதான் நினைக்கிறன்.

ஊசி பிடிக்கப் பழகினாப் பிறகுதான் எனக்கு அந்தச் சால்வை ஞாபகம் வந்தது. எடுத்துத் தோய்ச்சன், மோட்டர் எண்ணெய்க் கறை ஒரு மூலையில போகவே இல்லை, எலி கடிச்ச ஓட்டை ரெண்டு. ஒரு நாள் பின்னேரம் விறாந்தையில இருந்து எண்ணினன். ஒரு வரிக்கு 210 கண்ணி, 300 வரி. 63,000 கண்ணி ராசா. நான் ஒரு மணித்தியாலத்தில 600 கண்ணிதான் போடுவன், அதுவும் கை நோகாட்டில். அவ கெட்டிக்காரி, கெதியாப் போட்டிருப்பா, ஆனால் வேலைக்கும் போய்க்கொண்டு, உனக்கும் சமைச்சுக்கொண்டு, ஆருக்கு எண்டு நினைச்சுப் பின்னியிருப்பா? எனக்கு எண்டுதானே. பச்சை எனக்குப் பிடிக்கும் எண்டு நீதான் சொல்லியிருப்பாய். ஓட்டையை வேற பச்சையாலதான் அடைச்சன், அதே பச்சை ரவுணிலயும் இல்லை, கொழும்புக்குப் போன ஆக்களிட்டயும் சொல்லிப் பாத்தன், கிடைக்கேல்ல. இப்ப பனிக்கு விடிய விடிய அதைத்தான் போத்திக்கொண்டு இருக்கிறன்.

நான் அவவுக்கு எழுதலாமோ? அவவின்ர நம்பர் என்னட்ட இருக்கு, ஆனால் உன்னைக் கேக்காமல் எழுத மாட்டன். எழுதலாம் எண்டால் சொல்லு. வேண்டாம் எண்டாலும் சொல்லு, பேசாமல் மட்டும் இருக்காத. நீ சின்னனில இருந்தே இப்பிடித்தான், ஏஎல் றிசல்ற்ஸ் வந்ததைக்கூட, மூண்டு ஏ, ரெண்டு நாள் கழிச்சு அடுத்த வீட்டார் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. நல்லதையே அடக்கி வைச்ச பிள்ளை நீ.

உன்ர சொக்ஸ் சாம்பல் நிறம். 64 கண்ணி போட்டு, கணுக்கால் முடிச்சு, குதிக்காலும் திருப்பியாச்சு. இனிப் பாதம். நீளம் தெரியாமல் விரலுக்குக் குறைக்கத் தொடங்க ஏலாது, ஊசி அஞ்சும் அப்பிடியே குத்தினபடி கூடைக்குள்ள இருக்கு. ரெண்டு சோடிக்கு ஊல் வாங்கி வைச்சிருக்கிறன். ஒரு சோடிக்குத்தான் எண்டால் ஒரு சோடி எண்டு எழுது, நான் ஏன் எண்டு கேக்க மாட்டன்.

ஹீற்றரைப் போடு.

அம்மா