ஆடுகிற சக்கரங்கள்: மாதிரி கார் பெட்டிகள் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா, வணக்கம்ங்க.

கோவை ஆவாரம்பாளையம் பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளே வடிவமைத்துக் கார் செய்து பழகட்டும் என்று உங்களிடம் 8 மாதிரி கார் பெட்டிகள் வாங்கினோம். பெற்றோர் ஆசிரியர் கழகப் பணம், 5,200 ரூபாய்.

பெட்டியில் இருப்பது நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றும் மோட்டார், 65 மி.மீ விட்டமுள்ள சக்கரம். அப்படியென்றால் நிமிடத்துக்குச் சுமார் 20 மீட்டர் ஓட வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். 10 மீட்டர் வராந்தாவில் கோடு கிழித்துக் கார்களை ஓட விட்டோம். மூன்று கார் இடது பக்கம் திரும்பிச் சுவரில் முட்டின. ஒன்றில் மோட்டார் சத்தம் மட்டும் வந்தது, வண்டி நகரவே இல்லை.

ஒரு மாணவியின் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவள் மறுநாளே நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலோடு வந்தாள். மோட்டார் தண்டின் தட்டைப் பகுதி 3.7 மி.மீ. சக்கரத்து ஓட்டை 4.1. "ஆட்டம் இருக்குதுங்க மிஸ், தண்டு மட்டும் சுத்துது" என்றாள். 16 சக்கரங்களில் 11 இப்படித்தான். 1937-லேயே மோட்டார் செய்த ஊருங்க இது, இங்கே அளவு தப்பினால் குழந்தைகூடப் பிடித்துவிடும்.

உங்கள் ஆட்களுக்குப் போன் செய்தால், பசை போட்டு ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சரி என்று ஒன்றில் போட்டோம். பசை கியர் பெட்டிக்குள் இறங்கி மோட்டாரே இறுகிவிட்டது. அது போகட்டும், ஒட்டிவிட்டால் சக்கரத்தை மாற்றிப் பார்ப்பது எப்படி? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டி, நேரம் குறித்து, மறுபடி மாற்றுவதுதானே பாடம். ஒரு குழு பேட்டரியைப் பின்சக்கரத்துக்கு மேலே நகர்த்திப் பார்த்தது. பிடிமானம் கூடும் என்பது அவர்கள் யோசனை, நல்ல யோசனை. நேரம் குறைந்தது. பாரம் இடம் மாறியதாலா, அந்த முறை சக்கரம் வழுக்காததாலா? பிள்ளைகள் கேட்டார்கள், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரே அளவில் 16 சக்கரங்களும், இறுகிப்போன மோட்டாருக்கு மாற்றும் பத்து நாளுக்குள் அனுப்புங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பில்லின் நகலும் அளவெடுத்த படங்களும் இணைத்திருக்கிறேன். அப்புறம், கூரியர்காரரை நாலரை மணிக்குள் வரச் சொல்லுங்கள், அதற்கு மேல் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிடுவார்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை, எட்டாம் வகுப்பு