அண்ணாவுக்கு, வண்டி விஷயமாக

அண்ணா,

டிரெய்லரை, நாம் அப்பாவோடு தங்கிய அந்த இழுவை வண்டியை, விற்றுவிட்டேன். போன சனிக்கிழமை ஃபோர்ட் காலின்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்தது, அன்றைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் பங்கை அனுப்பியாயிற்று. நீ போனை எடுக்க மாட்டாய். நான் எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறாய் என்று அண்ணி வாய் தவறிச் சொன்னாள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு அப்பாவின் முதல் திதி. சித்தியும் படிப்பாள், இங்கே தமிழ்ப் பள்ளிப் பெற்றோரும் படிப்பார்கள். ஆகவே சில இடங்களில் மென்று முழுங்குவேன், உனக்குப் புரியும்.

எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வண்டியை நிறுத்தித் தங்க ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமைத் தேர்ந்தெடுத்தது நீ. கரடி நடமாட்டம் அதிகம், துணிக்கூடாரத்துக்கு அனுமதியே இல்லை, கெட்டிச் சுவர் வண்டிகள் மட்டும்தான் என்று புக் பண்ணும்போதே சொன்னாய். பார்க்குக்குள் கரன்ட், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றையும் வண்டியோடு மாட்டிக்கொள்ள முடிகிற ஒரே இடம் அது. அப்பா ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருப்பார் என்று நீதான் யோசித்தாய். எனக்கு அது தோன்றவே இல்லை.

அன்று மத்தியானம் ஹேடன் பள்ளத்தாக்கில் நல்ல வெயில். பைசன் என்கிற அமெரிக்கக் காட்டெருமைக் கூட்டம் ரோட்டை மறித்து நிற்க, அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் வருகிற காட்டெருமையோடு ஒப்பிட ஆரம்பித்தார். "நம்மூர்து உயரம், முழங்காலுக்குக் கீழ வெள்ளை. இதுக்கு முன்பாரம் ஜாஸ்தி, தாடி வேற." அந்தத் திமிலுக்குள் இருக்கிற தசையால்தான் தலையாலேயே பனியை ஒதுக்கிப் புல் மேயும் என்று நீ சொன்னாய். வாசலில் கொடுத்த தாளையும் சத்தமாகப் படித்தாய்: வாலைத் தூக்கினால் கோபம், விலகிப் போய்விட வேண்டும்.

சாயங்காலம் காற்று மாறியது. முகாமுக்குப் பக்கத்து எல்லோஸ்டோன் ஏரி 7,733 அடியில் இருக்கிறது, ஊட்டியைவிட உயரம். செப்டம்பர் பாதியிலேயே பனி விழுவது அங்கே அதிசயமில்லை. முதலில் ஆலங்கட்டி, கூரையில் உளுந்தைக் கொட்டுகிற மாதிரி. அப்புறம் சத்தம் நின்றது. நின்றதால்தான் அப்பாவுக்கு அது பனி என்று தெரிந்தது. உறைபனியில் கம்பம் ஏறிய மின்வாரியத்து மனிதர் அவர். புல்மேல் உறைந்து கிடப்பதை ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறார், மேலிருந்து விழுந்து பார்த்ததில்லை. நீ வண்டிக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாய். அப்பா மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கதவைத் திறந்தேன்.

படியில் நின்றோம். பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பைசன் வந்தது, தனியாக. முதுகில் விழுந்த பனி உருகவே இல்லை, அவ்வளவு அடர்த்தி அந்த ரோமம். எத்தனை கஜத்தில் நின்றது என்று இங்கே எழுதப்போவதில்லை. விலகி நிற்க வேண்டிய தூரம் விதிப்படி 25 கஜம், கரடிக்கும் ஓநாய்க்கும் 100. நாங்கள் அதைத் தேடிப் போகவில்லை, படியை விட்டும் இறங்கவில்லை. பொதுவில் இவ்வளவுதான் சொல்ல முடியும். அது மூச்சுவிடுவது கேட்டது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வால் தூக்கலை, பாத்தியா" என்றார். நீ படித்துக் காட்டியதைத்தான் சொன்னார், அண்ணா. உன்னிடம் கற்றுக்கொண்டதைத்தான்.

அப்போது டார்ச்சோடு வந்து கத்தினாய். அது தலையைத் திருப்பியது உன் சத்தத்துக்குத்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அப்பாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாய். அவர் ஒன்றும் பேசவில்லை, குல்லாவைக் கழற்றி மடித்து வைத்தார். 74 வயது மனிதரை யாரும் அப்படி இழுத்திருக்கக் கூடாது.

ஆனால் அன்றிரவு நீ படுக்கவில்லை. உன் ஸ்லீப்பிங் பேக்கை அவர்மேல் போட்டுவிட்டு ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாய். வண்டியைச் சூடாக்குகிற ஃபர்னஸ் நின்றபோதெல்லாம் எழுந்து போய் அவர் காலைத் தொட்டுப் பார்த்தாய். நான் தூங்குகிற மாதிரிக் கிடந்தேன். விடிந்ததும் பக்கத்து வண்டிக்காரர் குழாய் உறைந்துபோய்க் கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார், நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மறுநாள் டன்ராவன் கணவாயை மூடிவிட்டார்கள். நாரிஸ் வழியாகச் சுற்றி, ஓநாய் பார்க்கப் போகிற லாமர் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கலாம். நீ வண்டியைத் தெற்கே திருப்பினாய். 1926-ல் ஓநாயை ஒழித்துவிட்டு 1995-ல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாமே என்று வரும்போது வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், அதைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினார். உன்னால்தான்.

பதினாறாம் நாள் பந்தியில் நீ என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை நீயும் பார்த்தாய். அந்தப் பனிக்கும் மாசிக்கும் நடுவில் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் வந்து போயின. இரண்டுக்கும் அப்பா நன்றாகவே சாப்பிட்டார்.

கதவைத் திறக்குமுன் உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். அதற்கு மன்னித்துக்கொள். கூப்பிட்டிருந்தால் கதவு திறந்திருக்காது, அதுவும் உனக்குத் தெரியும்.

ஏன் விற்றாய் என்று கேட்பாய். நிறுத்தி வைக்கிற இடத்துக்கு மாத வாடகை ஏறிக்கொண்டே போனது. என் காரால் அதை இழுக்க முடியாது. உன் பிக்கப் வேண்டும், பிக்கப் வர நீ வர வேண்டும். லெவலிங் கட்டைகளையும் டயர் கேஜையும் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். பைனாகுலரைத் தர மாட்டேன். உன்னுடையதுதான், தெரியும்.

அம்மா மே மாதம் வருகிறாள். அப்பா போன இடத்துக்குப் போக வேண்டுமாம். நீ தனியாகவோ நான் தனியாகவோ கூட்டிப் போனால் வர மாட்டாளாம். வண்டியை விற்றது அவளுக்கு இன்னும் தெரியாது, அதை நீ சொல்லு, நான் சொன்னால் திட்டுவாள். கோவையிலிருந்து டிக்கெட் நீ போடுகிறாயா, நான் போடட்டுமா? இதற்காவது போனை எடு.