ஆலைச் சங்குக்கும் ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். படித்துறை, அணைக்கட்டு, நவதிருப்பதி, நெல் வயல் எல்லாம் இருந்தன. ஆலை என்று ஒன்றுகூட இல்லை. தொழில்கள் எட்டிப் பார்க்காத கரை என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

நான் பிறந்து வளர்ந்தது பாபநாசம் மலையடியில் இருக்கும் விக்கிரமசிங்கபுரத்தில். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதுதான் வீட்டில் கடிகாரம் வாங்கினோம். அதுவரை மில் சங்குதான் எங்களுக்கு நேரம். அப்பா அந்த மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வருகையில் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆற்றில் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். எந்திரச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது என்பதால் அங்கே எல்லாரும் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். கோயில் கொடையில், மேளச் சத்தத்துக்கு நடுவே, அப்பாவும் அவர் கூட்டாளிகளும் தெருவின் இரண்டு ஓரங்களில் நின்றபடி சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு ஒரு சொல் கேட்காது.

அந்த மில் அங்கே வந்ததற்குக் காரணமே ஆறுதான். ஸ்காட்லாந்துக்காரர்களான ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் 1880-களில் அதைத் தொடங்கினார்கள். பஞ்சு விளைவது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில். துறைமுகம் தூத்துக்குடியில். இரண்டையும் விட்டுவிட்டு ஏன் மேற்கே மலையடிக்குப் போனார்கள்? நம் பக்கத்தில் நிலக்கரி கிடையாது, தொலைவிலிருந்துதான் வரவேண்டும். பாபநாசத்திலோ ஆறு மலையிலிருந்து விழுகிறது, அந்தத் தண்ணீரே எந்திரத்தைச் சுற்றும். 1876-ல் வந்த ரயில் திருநெல்வேலியோடு நின்றுவிட்டது. அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டைப் பாதை போட்டதெல்லாம் 1900 தாண்டித்தான். அதுவரை பஞ்சு மேற்கே ஏறியதும் நூல் பேல்கள் கிழக்கே இறங்கியதும் மாட்டு வண்டியில். பிற்பாடு 1944-ல் அரசாங்கத்தின் நீர்மின் நிலையமும் அதே பாபநாசத்தில் ஓடத் தொடங்கியது. 1974-ல் ஆலையின் பெயர் மதுரா கோட்ஸ் ஆயிற்று. ஊரில் பெரியவர்களுக்கு இன்றும் அது ஹார்வி மில்தான்.

தூத்துக்குடி கோரல் மில்லும் அதே ஹார்விகளுடையது. 1908 பிப்ரவரி 27-ல் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் தொழிலாளர்களின் முக்கியக் கோரிக்கைகள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-ல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் சுதந்திரப் போராட்டப் பாடமாகத்தான் படித்தோம். நானே முப்பது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆலைத் தொழிலாளி கேட்டதும் அந்த நெருப்புக்குள் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்லவே இல்லை.

தாழையூத்தில் 1949-ல் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சங்கர் நகர் என்ற பெயர் அதை நிறுவிய சங்கரலிங்க ஐயரின் பெயர். பேட்டை கூட்டுறவு நூற்பாலை, சேரன்மகாதேவி காகித ஆலை, மேலப்பாளையம் தறிகள், முக்கூடல் பீடி என்று இன்னும் பல உண்டு. பீடியைத் தொழிற்சாலைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். என் அம்மா தார்சாவில், அதாவது வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து, மடியில் சுளகை (முறத்தை) வைத்து, வருஷக் கணக்காகச் சுற்றினாள். அவளுக்குச் சங்கு கிடையாது, ஷிப்டும் கிடையாது. இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி, சாயங்காலம் கடையில் எண்ணிக் கொடுத்தால்தான் அன்றைய கூலி. அந்தத் தார்சாவும் தொழிற்சாலைதான் என்பேன்.

ஆலைகள் ஆற்றுக்குச் செய்த கெடுதலை நான் மறைக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதுவதற்குக் காகிதம் மிஞ்ச வேண்டுமே. சில வருஷங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் பழைய பேப்பர் கடை ஒன்றில், மூடிப்போன ஓர் ஆலையின் சம்பளப் பதிவேடுகள் எடைக்கு வந்து கிடந்தன. ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். பெயர், டோக்கன் நம்பர், முன்பணம், அபராதம், கடைசிக் கட்டத்தில் பெருவிரல் ரேகை. பக்கம் பக்கமாக ரேகைகள். பாதிக்கு மேல் கிழிந்து பொட்டலம் மடிக்கப் போயிருந்தது. மிஞ்சியதில் பதினோரு தாள்களை வாங்கி வந்தேன்.

சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமை என்று தமிழக அரசு 2025-ல் அறிவித்தபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைப் பொருட்களுக்காக ரெட்டியார்பட்டியில், தாமிரபரணியின் பழைய பெயரிலேயே, பொருநை அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஆலைகளுக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று தங்கள் இதழ் கேட்க வேண்டும். நூல் சுற்றும் பாபின், சங்கு, சம்பளப் பதிவேடு, பீடிச் சுளகு, தொழிற்சங்க நோட்டீஸ் எல்லாம் அங்கே வரட்டும். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. சுற்றுகிற ஸ்பிண்டிலை (நூற்புக் கதிரை) ஒரு நொடி நிறுத்தி, அறுந்த நூலைப் பிடித்து ஒட்டத் தெரிந்த கைகள் எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து இருக்கின்றன. எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். தங்கள் நிருபர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தால் வீடு வீடாக நானே கூட்டிப் போகிறேன்.

அந்தப் பதினோரு தாள்களும், அப்பாவின் பித்தளை டோக்கனும் என் பீரோவில் இருக்கின்றன. அறை அமைந்தால் இரண்டையும் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
விக்கிரமசிங்கபுரம்