மின்னொளி கபடி நடத்தும் மன்றங்களுக்கு: காலைப் பிடித்து இழுக்காதீர்கள்

கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மின்னொளி கபடி நடத்தும் இளைஞர் மன்றத்தினருக்கு வணக்கம்.

நான் கடலூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். தை மாதம் முடியும்போது என்னிடம் வருகிற இளவட்டங்களின் முழங்கால்கள் பெரும்பாலும் உங்கள் ஆடுகளத்திலிருந்து வருபவைதான். கபடி என்றால் அடிபடத்தான் செய்யும், அதற்காக உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அடிபட்ட அடுத்த பத்து நிமிஷத்தில் களத்தோரம் நடப்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ரைடு போன பையன் கோட்டுக்குத் திரும்ப, காலை ஊன்றி உடம்பைத் திருப்புகிறான். பாதம் தரையில் பிடித்துக்கொள்கிறது, தொடை மட்டும் திரும்புகிறது. முட்டிக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம். தூக்கி ஓரமாக உட்கார வைப்பார்கள். ஒருவர் ஸ்பிரே அடிப்பார், இன்னொருவர் காலை இழுத்து ‘சுளுக்கு எடுப்பார்’. வலி கொஞ்சம் மட்டுப்படும். மைக்கில் பெயரைக் கூப்பிட்டதும் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கிவிடுவான்.

அந்தச் சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டியும் வீங்கிவிட்டால், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைக்கும் ஏசிஎல் என்கிற ஜவ்வு அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவு சீக்கிரம் வீங்குவதற்குக் காரணம் உள்ளே ரத்தம் கசிவது. ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. ‘எலும்புக்கு ஒன்றும் இல்லை’ என்று மருத்துவமனையில் சொன்னதை, ‘ஒன்றுமே இல்லை’ என்று வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். சில வாரத்தில் வீக்கம் வடிந்து பையன் பைக் ஓட்ட ஆரம்பித்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

முட்டி மறப்பதில்லை. என் அறை வாசலில் படிகள் உண்டு. ஏறும்போது சாதாரணமாக ஏறுகிறவன், இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, அடிபட்ட காலை முதலில் வைக்கிறான். படுக்க வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை என் பக்கம் இழுத்துப் பார்ப்பேன். நல்ல காலில் சட்டென்று ஒரு தடை தெரியும். அடிபட்ட காலில் அந்தத் தடையே இருக்காது, எலும்பு முன்னால் வந்துகொண்டே இருக்கும். “திரும்பும்போது முட்டி நழுவுது அக்கா” என்பான். நழுவும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு நசுங்குகிறது. முட்டித் தேய்மானம் இளவயதிலேயே தொடங்கிவிடுகிறது. அன்று ராத்திரி அவனை உட்கார வைத்திருந்தால் இதில் பாதி சேதமாவது தவிர்ந்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம்.

கணுக்கால் பிரள்வது இதைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே வேண்டியதில்லை. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஒரு சோதனையை வகுத்தார்கள். நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பை, அதன் பின்விளிம்பிலும் நுனியிலும் அழுத்தினால் வலிக்கிறதா? பாத நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்போ உள்பக்க எலும்போ அழுத்தினால் வலிக்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன்கள் என்றால் இந்தச் சோதனையை நம்பி விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு எலும்பு வளரும் இடம் மென்மையானது, சுளுக்கு மாதிரித் தெரிவது அங்கே விழுந்த முறிவாகவும் இருக்கலாம்.

வெறும் சுளுக்குதான் என்றால், துணி சுற்றிய ஐஸ் பதினைந்து, இருபது நிமிஷம் வைக்கலாம். அது வலிக்கு மட்டும். ஓய்வு, ஐஸ், கட்டு என்ற முறையை 1978-இல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் எழுதினார். முதல் இரண்டு மூன்று நாள் சுடு எண்ணெய், நீவல் இரண்டும் வேண்டாம். அப்புறம் வலி பொறுக்கிற அளவுக்கு அசைக்கவும் ஊன்றவும் வேண்டும். ஒற்றைக் காலில் நின்று பழகினால் அதே கால் மறுபடி பிரள்வது குறையும்.

தோள்பட்டை இறங்கிவிட்டால் களத்தில் யாரும் இழுத்து ஏற்றாதீர்கள். நரம்பு பாதிக்கலாம், கூடவே முறிவும் இருக்கலாம். துண்டைக் கழுத்தில் தூளி மாதிரிக் கட்டி, கையை அதில் தாங்கவைத்து அனுப்புங்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர்களிடம் போகும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. கட்டின பிறகு விரல் வெளுத்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ உடனே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். சுழற்கோப்பைக்கும் ரொக்கப் பரிசுக்கும் செலவழிக்கிறீர்கள். அதில் ஒரு சிறு பங்கில் ஒரு ஐஸ் பெட்டி, துணிக் கட்டுகள், கை கால் அசையாமல் கட்ட இரண்டு பத்தை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போக ஒரு வண்டி ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். சத்தம் கேட்ட முட்டியும் ஊன்ற முடியாத காலும் அன்று மறுபடி களம் இறங்கக் கூடாது என்று விதியில் சேருங்கள். அதை முடிவு செய்ய, எந்த அணியையும் சேராத ஒருவரை நியமியுங்கள். அவர் சொல்வதைக் கேப்டனும் கேட்க வேண்டும், நடுவரும் கேட்க வேண்டும், மைக் பிடிப்பவரும் கேட்க வேண்டும். அரையிறுதியில் நல்ல ரைடரை வெளியே உட்கார வைத்தால் ஊரே சண்டைக்கு வரும், தெரியும். அதனால்தான் முதல் ஆட்டத்துக்கு முன்பே மைக்கில் அறிவித்துவிடச் சொல்கிறேன்.

ஜவ்வு அறுவை சிகிச்சை செய்த பையனை ஒன்பது மாதம் ஆவதற்கு முன் ஆடக் கூப்பிடாதீர்கள். சீக்கிரம் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அறுகிற வாய்ப்பு கூடுதல். அடுத்த பொங்கலுக்கு வரட்டும்.

மன்றத்துக்கு நாலு பேரை அனுப்பினால், கட்டுப் போடுவதையும் மேலே சொன்ன சோதனையையும் காசு வாங்காமல் சொல்லித்தருகிறேன். போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை போதும். கிரேப் பேண்டேஜ் மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டு வரட்டும்.