ஜூனியர் காலேஜ் பேஸ்பால்: சேரும் முன் எழுத்தில் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வாசகர்களுக்காக இதை ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன்.

என் மகன் பேஸ்பாலில் இடது கை பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவன். ஏழு வயதில் பந்தைப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு என்ஜினீயரிங் இடம் கிடைத்தது, பேஸ்பால் அணியில் கிடைக்கவில்லை. அரை மணி தூரத்தில் இருந்த ஜூனியர் காலேஜின் (இரண்டு வருடக் கல்லூரி) கோச் அவன் வீசுவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். படிப்பு பல்கலைக்கழகத்தில், ஆட்டம் ஜூனியர் காலேஜில். ஜூனியர் காலேஜில் இரண்டு வகுப்பு எடுத்தால் போதும் என்று அந்தக் கல்லூரியில் ஒருவர் சொன்னார். நம்பினோம்.

அந்த இலையுதிர் பருவம் முழுக்க விடிவதற்கு முன் எழுந்து பயிற்சிக்கு ஓடினான். அப்புறம் பல்கலைக்கழக வகுப்பு, இரவில் லேப் ரிப்போர்ட். ஜனவரியில் ஆடத் தகுதியானவர்களின் பட்டியல் தயாரானபோது அவன் பெயர் அதில் இல்லை. ஜூனியர் காலேஜ்களின் தேசிய விளையாட்டுச் சங்கமான என்.ஜே.சி.ஏ.ஏ. விதிப்படி, எந்தக் கல்லூரிக்கு ஆடுகிறானோ அங்கேயே ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (படிப்பின் அளவு; ஒரு வகுப்புக்குப் பொதுவாக 3) படிக்க வேண்டும். எங்களிடம் இருந்தது 6. பல்கலைக்கழகத்தில் எடுத்த 15 கணக்கில் வரவில்லை.

சரி, இரண்டு இடத்திலும் முழுநேரமாகப் படிக்கட்டும் என்று என் கணவர் சொன்னார். ஒரே செமஸ்டரில் 24 கிரெடிட்டுக்கு மேல் வரும். என்ஜினீயரிங் மாணவனால் முடிகிற காரியமா? பணமும் இடிக்கும். பெல் கிராண்ட் போன்ற அரசு உதவித்தொகையை ஒரே சமயத்தில் இரண்டு கல்லூரிகளில் வாங்க முடியாது.

இதைவிட வலித்தது வேறொன்று. நான்கு வருடக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் என்.சி.ஏ.ஏ. அவன் சேர்ந்தபோதிருந்த அதன் முதல் டிவிஷன் (மேல்மட்டப் பிரிவு) விதிப்படி, ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஆடுவதற்கான ஐந்து வருடக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஒரு பந்துகூட வீசாமலேயே அதில் ஒரு வருடம் போய்விட்டது. சீசன் முழுக்க அவன் மற்றவர்கள் வீசிய பந்துகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து விலகி, ஜூனியர் காலேஜிலேயே முழுநேரமாகச் சேர்ந்தான். "ரெண்டு வருஷ காலேஜா?" என்று உறவுக்காரர்கள் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் பூஹோல்ஸ் மிசௌரியில் மேப்பிள் உட்ஸ் என்ற இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் ஆடிவிட்டுத்தான் 1999-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 13-வது சுற்றில் தேர்வானார். படிப்பும் வீணாகவில்லை. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான 42 கிரெடிட் அடிப்படைப் பாடத்திட்டம் இருக்கிறது. இங்கிலீஷ், வரலாறு, அரசியல் என்று அதை ஜூனியர் காலேஜில் முடித்தால் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அவன் மிச்சம் வைத்திருந்ததை அங்கேயே முடித்தான். சீசனிலும் வீசினான். இப்போது பழைய பல்கலைக்கழகத்துக்கே திரும்பி என்ஜினீயரிங்கைத் தொடர்கிறான்.

இரண்டு இடத்திலும் கால் வைக்க நினைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கோச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை கிரெடிட், எந்தக் கல்லூரியில், எந்தத் தேதிக்குள் என்பதை விளையாட்டுத் துறையில் தகுதி பார்ப்பவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பல்கலைக்கழக ரெஜிஸ்ட்ராரிடமும், உதவித்தொகை அலுவலகத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் ஜனவரியில் கேட்டோம்.

இப்படிக்கு,
ஒரு பிட்ச்சரின் அம்மா,
ஹூஸ்டன், டெக்சாஸ்