பழனிப் பாதயாத்திரை வழியில் மருத்துவப் பந்தல் போடுவோருக்கு: பச்சிலையை அரைத்து அப்பாதீர்கள்

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து தைப்பூசத்துக்குப் புறப்படுகிறவர்கள் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். பலர் வெறுங்காலில். தார்ச்சாலையின் சூடும், ஓரத்துச் செம்புறாங்கல் சரளையும், சீமைக் கருவேல முள்ளும் காலை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கால்களைக் கழுவிக் கட்டி அனுப்பும் உங்கள் தொண்டினை மதிக்கிறோம். புண்ணுக்கு மருந்து செய்வதும் கட்டுவதுமே தொழிலாகக் கொண்ட சித்த மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

மூலிகைக்கு ஆதரவாகத்தான் எழுதுகிறோம். திறந்த புண்ணில் பச்சிலையை அரைத்து அப்புவதை மட்டும் நிறுத்துங்கள். அதே செடியைச் சாறெடுத்து, தைலமாகக் காய்ச்சி, சரியான புண்ணில் சரியான நாளில் போட்டால் உதவும். அரைத்த விழுதில் மருந்தோடு மண்ணும் வருகிறது. ரண ஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன. காற்றுப் புகாத புண்ணில்தான் அவை முளைக்கும். கெட்டியாக அப்பிய விழுது அந்த இடத்தை உண்டாக்கித் தருகிறது. காய்ந்தபின் உரிக்கும்போது புதிதாக வளர்ந்த மெல்லிய தோலும் கூடவே வந்துவிடுகிறது.

மருந்துக்கு முன்னால் தண்ணீர். குடிக்கத் தகுந்த எந்தத் தண்ணீரும் போதும். ஊருணித் தண்ணீர் வேண்டாம், பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தாலும். உப்புநீர் வேண்டுமென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் கல்லுப்பு. கண்ணளவாகப் போடாமல் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கூடினால் எரியும். தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓர் ஓட்டை போட்டு அழுத்தினால் மண்ணைக் கிளப்புகிற அளவு பீச்சல் கிடைக்கும். புண்ணின் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்தது 50 மில்லி செலவாக வேண்டும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதுத் தோலை உண்டாக்கும் அணுக்களையும் கொல்கின்றன. திறந்த புண்ணில் அவற்றுக்கு வேலை இல்லை.

இனி செடிகள். முதலில் வெட்டுக்காயப்பூண்டு. கிணற்றடிப்பூண்டு, தாத்தாப்பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஆகவே பெயரைக் கேட்டுப் பறிக்காமல் செடியைப் பார்த்துப் பறியுங்கள். தரையோடு படரும். இலை சொரசொரப்பாக, எதிரெதிராக, ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் பெரும்பாலும் 5 வெளிர் இதழ், ஒவ்வோர் இதழின் நுனியிலும் மூன்று பல். இதன் முழுச்செடிச் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலை கூடியது. எலியில் கண்டதை மனிதக் காலுக்கு அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காயத்துக்குப் போட்டுவந்த செடிக்கு அது ஒரு காரணத்தைக் காட்டுகிறது.

நெடுஞ்சாலை ஓரத்தில் பறிக்காதீர்கள், புகைக்கரியும் நாய் மூத்திரமும் இலையில் இருக்கும். களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் வேண்டாம். மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் ஈரம் உலர்த்தி, இடித்துத் துணியில் பிழியுங்கள். சாறு 250 மில்லி, தேங்காய் எண்ணெய் 250 மில்லி, எவர்சில்வர் சட்டி, சிறுதீ. வீட்டில் பித்தளைச் சட்டி இருந்தாலும் இதற்கு எடுக்க வேண்டாம். ஈயப்பூச்சு போன இடத்தில் செம்பு எண்ணெயில் இறங்கி, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க வைத்துவிடும்.

இதில் தவறு நேர்வது கடைசிப் பத்து நிமிடத்தில்தான். சாற்றில் தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு மளமளவென்று ஏறி, அடியில் படிந்த வண்டல் கருகிவிடும். வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். மணல் போல உதிர்ந்தால் தாண்டிவிட்டது. பஞ்சுத் திரியை நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தோடு இறக்கினால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். வெடிக்காமல் எரிந்தால் இறக்கி, சூடு ஆறுமுன் வடிகட்டுங்கள். 100 மில்லி தைலத்துக்கு 15 முதல் 20 கிராம் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தால் களிம்பாக உறையும். வெயிலில் வழியாது, காலில் நிற்கும்.

மஞ்சளையும் போடலாமே என்பீர்கள். மஞ்சளின் நிறச்சத்தான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் ஓரளவு கரையும், ஆகவே தைலத்தில் சேர்ப்பது சரியான யோசனைதான். ஆனாலும் பந்தலுக்கான களிம்பில் சேர்க்காதீர்கள் என்கிறோம். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுகிறதா என்பதுதான் அடுத்த பந்தலில் இருப்பவர் பார்க்க வேண்டிய முதல் அடையாளம். மஞ்சள் பூசிய காலில் அது தெரியாது. கடைத்தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் என்ற நஞ்சைக் கலப்பதும் நடக்கிற விஷயம்.

இந்தக் களிம்பு எங்கே உதவும்? இரத்தம் நின்ற, கழுவிச் சுத்தமான, மேலோட்டமான சிராய்ப்பில். புண்ணைக் காயவிட வேண்டும் என்பது நம்மிடம் ஊறிய எண்ணம். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், பாலித்தீன் தாளால் மூடி ஈரம் காத்த காயங்கள் காற்றில் காயவிட்டவற்றைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மூடின. பொருக்குக்கு அடியில் புதுத்தோல் வழி தேடி நகர வேண்டியிருக்கிறது, ஈரத்தில் நேராக வழுக்கிச் செல்கிறது. தைலக் களிம்பு அந்த ஈரத்தைக் காக்கிறது. காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, பவுடர் எல்லாம் அதைப் பிடுங்குகின்றன, மறுநாள் கழுவி எடுக்கவும் முடியாது.

தோலில் நேரடியாகத் தடவ வேண்டாம். எண்ணெய்ப் பசையில் பிளாஸ்திரி ஒட்டாது, ஒரு மைல் நடப்பதற்குள் கட்டு நழுவிச் செருப்புக்குள் சுருண்டு புதிதாக ஒரு கொப்புளத்தைத் தரும். காஸ் துணியில் மெல்லத் தடவி, அதைப் புண்ணின் மேல் வைத்து, சுற்றியுள்ள உலர்ந்த தோலில் ஒட்டுங்கள். எல்லோருக்கும் ஒரே டப்பா என்பதையும் விட்டுவிட வேண்டும். ஒருவர் புண்ணைத் தொட்ட விரல் மறுபடி டப்பாவுக்குள் போனால், அன்று மாலைக்குள் அந்த டப்பாவே நோய் பரப்பும். ஐஸ் குச்சியால் எடுங்கள், ஒரு குச்சி ஒரு முறைதான்.

தொடை இடுக்கிலும் கால்விரல் இடுக்கிலும் உரசி நீர் கசியும் இடங்களுக்கு எண்ணெய் ஆகாது. அங்கே திரிபலா கஷாயம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சம அளவு சேர்ந்த கொரகொரப்பான தூள் 50 கிராம், தண்ணீர் 800 மில்லி, சிறுதீயில் 200 மில்லியாக வற்றவைத்து நான்காக மடித்த துணியில் வடிகட்டுங்கள். இதிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் மேல் புரதத்தை இறுக்கிக் கசிவை நிறுத்துகிறது. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் அதே துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மை போலக் கறுத்துவிடும். ஆறிய கஷாயத்தில் சுத்தத் துணியை நனைத்துப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, ஒற்றி உலர்த்தினால் போதும். காலையில் காய்ச்சியதை மதியத்துக்குமேல் வைக்காதீர்கள், அதில் கிருமி வளரும்.

வல்லாரையில் இருக்கும் ஏசியாட்டிகோசைடு கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவது நன்கு அறியப்பட்டது, பல நாடுகளின் மருந்துக் களிம்புகளில் அதன் சாரம் சேர்கிறது. ஆனால் சந்தையில் கிடைக்கும் கட்டு எந்த வாய்க்கால் கரையில் வளர்ந்ததென்று தெரியாது, அந்தச் செடி சாக்கடை ஓரத்து உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும். பச்சைச் சாறாக வேண்டாம். மூடிய புண்ணின் தழும்புக்கு, ஊர் திரும்பிய பிறகு, உரிமம் பெற்ற நிறுவனத்தின் களிம்பைப் போடச் சொல்லுங்கள்.

சோற்றுக்கற்றாழையை எல்லாவற்றுக்கும் தேய்க்கிறார்கள். தோலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும். மடலை நிறுத்திவைத்து அதை முழுதும் வடியவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். வெயிலில் கன்றிய, தோல் கிழியாத இடத்துக்கு அது இதம். ஆழப் புண்ணுக்கு இல்லை. அறுவைக்குப் பின் பிரிந்த வயிற்றுக் காயங்களில் 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான கட்டில் சராசரியாக 53 நாளில் ஆறியது, கற்றாழைக் களிம்பு போட்டவர்களுக்கு 83 நாள் ஆனது. சிறிய ஆய்வுதான், இருந்தும் அந்த இடைவெளியைத் தள்ளிவிட முடியவில்லை.

பாதயாத்திரையில் அதிகம் வருவது கொப்புளம், அதற்கு எந்த மூலிகையும் தேவையில்லை. சிறியதை உடைக்காமல் மூடுங்கள், அதன் மேல்தோலைவிட நல்ல கட்டு கிடையாது. நடக்க முடியாத அளவு பெரியதானால் புதிய ஊசியால் அடியோரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, காஸால் அழுத்தி நீரை எடுத்து, தோலை அப்படியே படியவிடுங்கள். கத்தரித்து எடுப்பவர்களைத் தயவுசெய்து தடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதையும் செய்ய வேண்டாம்.

கருவேல முள் தைத்தால் நுழைந்த வழியிலேயே வெளியே இழுக்க வேண்டும். நுனி ஒடிந்து மூட்டுக்குப் பக்கத்தில் தங்கினால் மூட்டுச்சவ்வு வீங்கும், மருத்துவமனைதான். எருக்கம்பால் வைத்தால் முள் வெளியே வரும் என்று யாராவது பந்தலுக்கு எடுத்துவந்தால் வாங்கி அப்புறப்படுத்துங்கள். அது தோலை அரிக்கும். பால் பட்ட விரலால் கண்ணைத் தொட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும்.

மத்தன் தைலம் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஊமத்தை இலைச்சாறும் மயில்துத்தமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த இது ஆறாத புண்ணுக்குச் சித்த மருத்துவத்தில் மதிப்புள்ள மருந்து. ஊமத்தையில் அட்ரோபின் என்ற நஞ்சு இருக்கிறது, துத்தம் செம்பு உப்பு. அளவு தவறினால் புண்ணே வெந்துபோகும். வீட்டில் காய்ச்சியதை ஏற்காதீர்கள், வாங்கியதையும் சித்த மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் போடாதீர்கள். பொதுவாகவே, 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி விற்கவோ வழங்கவோ மருந்து தயாரிக்க உரிமம் வேண்டும். சித்த மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே செய்துகொடுப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே மேலே சொன்ன களிம்பையும் கஷாயத்தையும் பதிவு பெற்ற ஒரு சித்த மருத்துவரின் பொறுப்பில், அவர் பந்தலில் இருக்கும்போது செய்யுங்கள். புட்டியில் செய்த தேதி எழுதியிருக்கட்டும். முதல்முறை போடுபவரிடம் பார்த்தீனியம் பட்டால் அரிக்குமா என்று கேளுங்கள். வெட்டுக்காயப்பூண்டு அதே குடும்பம், அவருக்கு இதுவும் அரிக்கலாம்.

மூலிகையைத் தொடவே கூடாத ஆட்களும் புண்களும் இவை. காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரர். எலும்போ கொழுப்போ தெரியும் வெட்டு. அழுத்தியும் நிற்காத இரத்தம். காய்ச்சலோடு வரும் புண். சிவப்பு பரவுகிறதென்று சந்தேகம் வந்தால் விளிம்பில் பேனாவால் கோடு போடுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். நாய்க்கடிக்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் 15 நிமிடம், பிறகு தடுப்பூசி. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்னதான அடுப்பில் சுட்டுக்கொண்டவருக்கு 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர், அந்த நேரத்தில் எண்ணெயும் களிம்பும் ஆகாது, சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். மண் பட்ட புண் உள்ள எவரையும் ரண ஜன்னி ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலோ நினைவில்லை என்றாலோ வழியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று கேட்கிறோம். கட்டின் மேலேயே தேதி, நேரம், போட்ட மருந்து, பந்தலின் ஊர் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி அனுப்புங்கள். குன்றக்குடியில் கட்டியதைச் சிங்கம்புணரியில் அவிழ்ப்பவர், பச்சையாக இருப்பது தைலமா சீழா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
புண் மருத்துவத்தில் பணிபுரியும் சித்த மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள்
செட்டிநாடு